சுரங்க ஊரின் ஸ்டேக்

எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் ஸ்டேக் சாப்பிட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குள் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்துவிட வேண்டும். மதியம் தாண்டினால் வறுவல்தான் மிஞ்சியிருக்கும். மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்ட கடை, நான்கு மேசை, நீளமான பெஞ்சுகள். பெயர்ப் பலகை கிடையாது. அடுப்பைப் பார்ப்பது ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரர் விடியற்காலையில் கறி வாங்கி வந்து சுத்தம் செய்து கொடுப்பார். மகன் மேசை துடைத்துத் தண்ணீர் வைப்பான். வறுவல், சுக்கா, போட்டி, ஈரல், எலும்புச் சாறு, ராகிக் களி, பரோட்டா எல்லாம் தினமும் உண்டு. ஸ்டேக் மட்டும் ஞாயிறு.

நான் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். அத்தை ஒரு அதிகாரியின் பங்களாவில் சமையலுக்குத் துணை நின்றவர். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அங்கே மியூசியம் சாலையில் ஹாரூன் சேட் தொடங்கிய 'தி ஒன்லி பிளேஸ்' போன்ற இடங்களில் பல காலமாக ஸ்டேக் கிடைக்கிறது. அங்கேயும் விரும்பிச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் ஸ்டேக் என்றால் என்ன, அது யாருடைய சாப்பாடு என்று யாராவது கேட்டால், எங்கள் ஊர்ப் பெஞ்சில் உட்கார்ந்துதான் பதில் சொல்லத் தோன்றுகிறது.

அண்டர்கட்டும் மற்ற கறியும்

ஏன் ஞாயிறு மட்டும் என்று அக்காவைக் கேட்டால், கத்தியை வைத்துவிட்டு விளக்குவார். "ஒரு உருப்படிக்கு ரெண்டே ரெண்டு அண்டர்கட்தான்மா வரும். அதுவும் பெங்களூர் ஓட்டல்காரங்க வாங்கினது போக மிச்சம். ஞாயித்துக்கிழமைக்குன்னு சொல்லி வெச்சாத்தான் நமக்குக் கிடைக்கும்."

அண்டர்கட் என்று கறிக்கடைகளில் சொல்வது முதுகெலும்புக்கு அடியில், உட்பக்கமாக இருபுறமும் ஓடும் நீளமான தசையை. மாடோ எருமையோ நடக்கும்போது, இழுக்கும்போது, மேயும்போது இந்தத் தசைக்கு அவ்வளவாக வேலையில்லை. வேலை குறைவான தசையில் நார் மெல்லியது, நாரைக் கட்டி வைக்கும் கொலாஜென் என்ற புரதமும் குறைவு. அதனால்தான் அது மென்மையாக இருக்கிறது. உரித்த உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கு அளவுதான் தேறும். உலகம் முழுக்க இந்தத் துண்டின் விலை ஏறுவதற்கு ஒரு காரணம் இந்தக் கணக்கு.

கால், கழுத்து, தொடை போன்ற உழைக்கும் தசைகளில் கொலாஜென் அதிகம். வயது ஏறஏற அது இறுகும். அப்படிப்பட்ட கறியைச் சுட்ட கல்லில் போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்தால் மெல்லவே முடியாது. ஈரச் சூட்டில், 70 டிகிரிக்கு மேல், நேரம் கொடுத்து வேகவைத்தால் கொலாஜென் கரைந்து ஜெலட்டினாகும். சாறு திக்காகிறது, கறி நாராகப் பிரிகிறது. எங்கள் வீடுகளில் மாட்டுக்கறி இரண்டு மணி நேரம் விறகடுப்பில் கிடந்ததும், பிறகு குக்கரில் விசில் மேல் விசில் கேட்டதும் இதற்குத்தான்.

ஸ்டேக்கின் கதை இதற்கு நேர்மாறானது. அது உலர்ந்த சூடு, பெரிய சூடு, குறைந்த நேரம். கல் நன்றாகக் காய்ந்து கறியின் மேற்புறம் 140 டிகிரியைத் தாண்டும்போது, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் உண்டாகின்றன. 1912ல் லூயி-கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. தோசை ஓரத்தின் முறுகல் நிறமும் இதே வினைதான். ஈரம் இருந்தால் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது என்பதால், கறியைத் துடைத்துவிட்டுத்தான் கல்லில் வைக்க வேண்டும். நகரத்து ஓட்டல்களில் 'ரேர், மீடியம், வெல் டன்' என்று கேட்பார்களே, அது நடுப்பகுதியின் சூட்டைப் பொறுத்தது. 50ஐத் தாண்டினால் ரேர், 60ஐத் தொட்டால் மீடியம், 70ஐக் கடந்தால் முழு வேக்காடு. பாதி வெந்த கறியில் வடியும் சிவப்பு நீரைப் பலர் ரத்தம் என்று நினைத்துத் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். அது தசைக்குள் பிராணவாயுவைச் சேர்த்து வைக்கும் மயோகுளோபின் கலந்த நீர்.

அக்காவின் கடையில் ரேரா மீடியமா என்ற கேள்விக்கே இடமில்லை. எல்லாம் முழு வேக்காடு. சந்தைக் கறிக்கு அதுவே பாதுகாப்பும்கூட. அண்டர்கட்டை நாருக்குக் குறுக்காக விரல் கன வில்லைகளாக அறுத்து, கத்தியின் முதுகால் இரு பக்கமும் தட்டுவார். தட்டத் தட்ட வில்லை அகலும், நார் உடையும். உடைத்த மிளகு, நசுக்கிய பூண்டு, உப்பு, இரண்டு கரண்டி வினிகர். சனிக்கிழமை இரவே பிசறி வைத்துவிடுவார். ஞாயிறு காலை ஈரத்தைத் துடைத்து, புகை கிளம்பும் இரும்புக் கல்லில் போட்டு இரண்டு புறமும் நிறம் வரும்வரை விடுவார். பிறகு வளையமாக அரிந்த வெங்காயம், பாதி வெந்த உருளைக்கிழங்கு, ஒரு கரண்டி எலும்புச் சாறு, மேலே மூடி. தீ சின்னதாகிவிடும். கால் மணி நேரத்தில் மிளகுச் சாறு கறியோடு ஒட்டிக்கொள்ளும். தட்டில் வரும்போது பக்கத்தில் வெண்ணெய் தடவிச் சுட்ட பன் இருக்கும். பன் வேண்டாம் என்றால் களி.

முதலில் பெரிய சூடு, பிறகு பொறுமையான ஈரச் சூடு. ஸ்டேக்கின் முறையும் எங்கள் குழம்பின் முறையும் ஒரே கல்லில் சேர்ந்துவிட்டன. அது எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் இந்த ஊரின் சரித்திரம் இருக்கிறது.

பங்களா அடுப்பும் லைன் வீட்டு அடுப்பும்

மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் இங்கே தங்கம் தேட உரிமை வாங்கினார். 1880ல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் இறங்கின. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த எங்கள் முன்னோர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். பண்ணையாரின் நிலத்தையும் ஊர்க் கட்டுப்பாட்டையும் விட்டுக் கூலியைக் கையில் வாங்கும் வேலைக்கு வந்தவர்கள்.

மேலே ஊர் மூன்றாகப் பிரிந்திருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டம் வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். குளிர்ந்த காற்றும் ரோஜாச் செடியும் இருந்ததால் 'சின்ன இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். மேற்பார்வை வேலைகளில் இருந்த ஆங்கிலோ-இந்தியர்களுக்குத் தனி வீடுகள். தொழிலாளிகளுக்கு லைன் வீடுகள். மூங்கில் தட்டியால் மறைத்த ஓர் அறை, அதற்குள்ளேயே அடுப்பு.

கிளப்பில் பரிமாறிய ஸ்டேக்கைச் சாப்பிட அந்த லைன் வீடுகளிலிருந்து யாரும் போக முடியாது. ஆனால் அதைச் சமைக்கப் போனார்கள். பட்லர், சமையல்காரர், தட்டுக் கழுவுகிறவர், ஆயா எல்லாருமே பெரும்பாலும் தமிழர்கள். அத்தை சொல்வார்: "தொரசாணி கறியைத் தட்டச் சொல்வாங்க. வினிகர், மிளகு அவங்க சொன்ன கணக்கு. இஞ்சி பூண்டு நாங்க வெச்ச கணக்கு." ஆங்கிலோ-இந்திய வீடுகளிலோ இரண்டு கணக்கும் முன்பே ஒன்றாகிவிட்டன. மிளகு ஸ்டேக், உருண்டைக் குழம்போடு மஞ்சள் நிறத் தேங்காய்ச் சோறு, வெங்காயமும் மிளகாயும் வினிகரும் அரைத்த 'டெவில் சட்னி', புளியும் மிளகும் சேர்ந்த பெப்பர் வாட்டர். ஐரோப்பியப் பழக்கமும் நம் அம்மிக் கல்லும் சேர்ந்து பிறந்தவை இவை. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிஜெட் ஒயிட்-குமார் இவற்றையெல்லாம் அளவோடு நூல்களாக எழுதிவைத்திருக்கிறார். அவர் எழுதியிருக்காவிட்டால் எத்தனையோ பக்குவங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் நினைவோடு போயிருக்கும்.

பங்களாவுக்கு அண்டர்கட் போனது. லைனுக்கு மிச்சம் வந்தது. தலை, கால், குடல், ஈரல், நெஞ்செலும்பு. அந்த மிச்சத்தை எங்கள் பெண்கள் எதுவும் வீணாகாமல் சமைத்தார்கள். குடலைச் சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுச் சுரண்டி வெளுக்க வைத்துப் போட்டிக் குழம்பு. ரத்தத்தை வெங்காயத்தோடு கிளறிப் பொரியல். வாங்கிய கறி மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம். மழைக்காலத்தில் இரண்டு துண்டைச் சுட்டால் களிக்கு வேறெதுவும் வேண்டாம். எட்டு மணி நேரம் பாறையோடு மல்லுக்கு நின்று வருகிற உடம்புக்குப் புரதமும் இரும்புச்சத்தும் குறைந்த செலவில் கொடுத்தது இந்தச் சாப்பாடுதான். அப்பா ஷிப்ட் முடிந்து வரும் நேரம் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா களியைக் கிண்டத் தொடங்குவார்.

அத்தை பங்களாவில் கற்ற தட்டலும் வினிகரும் எங்கள் அடுப்புக்கு வந்தது கிறிஸ்துமஸ் சமயங்களில். அண்டர்கட் கிடைக்காது, தொடைக்கறிதான். அதை மெல்லியதாக அறுத்துத் தட்டி, பச்சைப் பப்பாளித் துண்டை அரைத்துப் பிசறி வைப்பார். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் புரதத்தை உடைத்துக் கறியை இளக்கும். விலையுயர்ந்த துண்டு இல்லாத வீட்டில் நேரமும் கைவேலையும் அந்த இடத்தை நிரப்பின. தங்கவயல் ஸ்டேக் என்று நான் சொல்வது இதைத்தான். அக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கல்லில் நடப்பதும் இதன் தொடர்ச்சிதான்.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது

உலகில் மாட்டுக்கறி பரவலாக உண்ணும் ஊர்களில் ஸ்டேக் கடை ஒரு பொது இடம். அமெரிக்காவின் டெக்சஸில், அமரில்லோ என்ற ஊரில் 1960 முதல் 'பிக் டெக்சன்' என்ற கடை இருக்கிறது. இரண்டு கிலோ ஸ்டேக்கை, கூடவே வரும் பதார்த்தங்களோடு, ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடித்தால் காசு வேண்டாம் என்பது அந்தக் கடையின் புகழ்பெற்ற பந்தயம். நியூயார்க்கின் 'பீட்டர் லூகர்' 1887லிருந்து நடக்கிறது. அங்கெல்லாம் குடும்பத்தோடு வெளியே போய் மாட்டுக்கறி சாப்பிடுவது கொண்டாட்டம். யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை.

நம் ஊர்களில் குரல் தாழ்கிறது. இலை மறைவில் பொட்டலம் கட்டுவது, அக்கம்பக்கத்துக்கு வாசனை போகாமல் கதவைச் சாத்துவது, பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கத் தயங்குவது இதெல்லாம் எத்தனையோ பிள்ளைகளின் அனுபவம். மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைப் பற்றி அம்பேத்கர் 1948ல் ஒரு நூலே எழுதினார். வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்திலுள்ள ஆம்பூரில் 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. பீஃப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரே சாப்பிடுகிற ஒரு சோற்றைத் திருவிழாவில் மட்டும் காணாமல் செய்வது என்ன நியாயம்?

தங்கவயலில் நாங்கள் வளர்ந்த விதம் வேறு. அதற்குக் காரணம் இந்த மண்ணில் நடந்த போராட்டங்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்தின் கிளை 1907லேயே மாரிக்குப்பத்தில் தொடங்கியது. லைன் வீட்டு ஆட்கள் அங்கே பத்திரிகை படித்தார்கள், கூட்டம் போட்டார்கள். 1930ல் கைரேகைப் பதிவு என்ற அவமானத்தை எதிர்த்துச் சுரங்கமே நின்றது. பிறகு கே.எஸ்.வாசன் போன்ற கம்யூனிஸ்டுகளும், அம்பேத்கர் வழி நின்ற சி.எம்.ஆறுமுகம் போன்றவர்களும் சட்டமன்றம்வரை போனார்கள். சமமாக உட்கார வேண்டும் என்ற எண்ணம் மேடையில் மட்டும் நிற்கவில்லை. டீக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அது வந்தது. தொழிலாளி, குமாஸ்தா, முஸ்லிம், கிறிஸ்துவர், பௌத்தர் எல்லாரும் ஒரே பெஞ்சில் தோளுரசி உட்கார்ந்து "ஒரு வறுவல், ரெண்டு பரோட்டா" என்று உரக்கச் சொல்கிற ஊர் இது. அப்பா என்னைச் சம்பள நாளில் அப்படியொரு கடைக்குக் கூட்டிப் போவார். கிளப்பின் வெள்ளை மேசை விரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்ற குறை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அப்பாவின் பக்கத்தில், எல்லாரும் பார்க்க, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சுரங்கம் மூடிய பிறகு

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சம்பள நாள் என்ற ஒன்றே ஊரிலிருந்து போய்விட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியும் முன்பே ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய் வேலை செய்து இரவில் திரும்புகிறார்கள் ஆயிரக்கணக்கானவர்கள். நானும் பல வருடம் அந்த ரயிலில் போய் வந்தவள். சாப்பாட்டுக் கடைகள் சம்பள நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது அப்போதுதான். வாரத்தில் ஒரு நாள்தான் ஊர் ஊரில் இருக்கிறது.

அடுத்த அடி சட்டத்தால் வந்தது. 1964ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் 12 வயது தாண்டிய, அல்லது நிரந்தரமாக உழைக்க முடியாமல் போன காளைகளையும் எருதுகளையும் சான்று பெற்று வெட்ட அனுமதித்தது. 2021 பிப்ரவரியில் நிறைவேறிய புதிய சட்டம், அதற்கு முன்னோடியாக வந்த அவசரச் சட்டத்தால் 2021 ஜனவரியிலேயே நடைமுறைக்கு வந்தது. பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக்கூடாது. 13 வயதுக்கு மேற்பட்ட எருமைக்கு மட்டும், அதிகாரியின் சான்றோடு அனுமதி. மீறினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 50,000 முதல் 5 லட்சம் ரூபாய்வரை அபராதம்.

அதனால் இன்று தங்கவயலில் ஸ்டேக் என்றால் எருமைக்கறி. அதன் நிறம் ஆழ்ந்த சிவப்பு, கொழுப்பு வெள்ளை, மணம் சற்றுக் கூடுதல். பதிமூன்று வயது எருமையின் தசை இறுகியிருக்கும். வெளிநாட்டு ஸ்டேக் முறையைக் கொண்டுவந்து அப்படியே வைத்தால் இந்தக் கறி தோற்றுவிடும். இங்கேதான் லைன் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் மறுபடி கைகொடுக்கிறது. தட்டுவதும், இரவெல்லாம் ஊறவைப்பதும், கல்லிலிருந்து சாறுக்கு மாற்றுவதும் முற்றிய கறிக்காகவே உருவான முறைகள். கறி விலை ஏறிவிட்டது, கிடைப்பது குறைந்துவிட்டது, பயமும் சேர்ந்துவிட்டது. வழியில் யாராவது வண்டியை மறித்தால் என்ன செய்வது என்ற கவலையோடுதான் அக்காவின் வீட்டுக்காரர் சான்றுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். சட்டப்படி நடக்கும் தொழிலுக்கு இந்தப் பயம் இருக்கவே கூடாது. ஒரு வேளைச் சோறு சமைத்து விற்கிற குடும்பத்துக்கு நாம் தர வேண்டிய குறைந்தபட்ச நிம்மதி அது.

வருகிறவர்களுக்கு

'கே.ஜி.எஃப்' படத்தையும், பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' படத்தையும் பார்த்துவிட்டு தங்கம் பிரித்தபின் குவிந்த சயனைட் மண்மேடுகளைப் பார்க்க நிறைய பேர் வருகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். மார்க்கெட் பக்கம் நடந்து, கூட்டம் இருக்கும் கடையாகப் பார்த்து உட்காருங்கள். காலையில் சமைத்ததா என்று கேளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் எலும்புச் சாறு. அப்புறம் மிளகு வறுவலும் களியும். களியை மெல்லக் கூடாது, சாற்றில் புரட்டி விழுங்க வேண்டும். ஞாயிறு என்றால் ஸ்டேக் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பெஞ்சில் இடம் கேட்டு யாராவது வந்தால் நகர்ந்து கொடுங்கள். பேச்சுக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் எந்த ஷாஃப்டில் இறங்கினார், அவர் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சொல்வார். மாட்டுக்கறி சாப்பிடாதவர்களும் வரலாம். முட்டைப் பரோட்டா உண்டு, மரியாதையும் உண்டு.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பங்களாச் சமையலுக்கும் ஆங்கிலோ-இந்திய வீட்டுச் சமையலுக்கும் புத்தகங்கள் இருக்கின்றன. லைன் வீட்டுச் சமையலும் அலமாரியில் ஏற வேண்டும். போட்டியை எப்படிச் சுத்தம் செய்தார்கள், உப்புக்கண்டத்துக்கு எவ்வளவு உப்பு, தொடைக்கறிக்கு எவ்வளவு பப்பாளி என்று தெரிந்த அம்மாக்களும் அத்தைகளும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நான் அக்காவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். அவர் கைப்பிடி அளவாகச் சொல்வதை நிறுத்துப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். சொன்னவர் பெயரையும் அவர் வாழ்ந்த லைனின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள். இந்த ஊர் தோண்டி எடுத்த 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதைத் தோண்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்ற கணக்காவது நம் கையில் இருக்கட்டும்.